கேபிள் பிடுங்கின சானல்

சாயங்காலம் நாலு மணி. கணவாய்ச் சாலை... முன்னாடியும் வண்டி இல்ல, பின்னாடியும் இல்ல. நம்ம ஆஸ்பத்திரி நர்ஸ் நுர்ஜமாலோட தாய்மாமா ஒமுர்ஜாக் ஜீப்பை மேல ஏத்திக்கிட்டிருந்தாரு. நுர்ஜமால் இங்கதான் உக்காந்திருக்கா, பொய்யின்னா சொல்லட்டும்.

மாமா மருத்துவக் கருவி மெக்கானிக். பக்கத்து சீட்ல டாக்டர் ஜிபெக். உச்சியில, சுரங்கத் தொழிலாளிங்களோட இதயத்தைச் சோதிக்கிற நிலையம். மறுநாள் காலையில அறுபது பேர் வர்றாங்க. அதுக்குள்ள இதயத் துடிப்பைப் பெருக்கிக் காட்டுற புது ஆம்ப்ளிஃபயரைப் பதிவுப் பெட்டியோட இணைச்சாகணும்.

அந்தச் சாலையில ஒரு வளைவுலதான் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னால பனிச்சரிவு ஜிபெக்கோட புருஷன் எர்மெக்கை அடிச்சுக்கிட்டுப் போச்சு. உடம்பு கிடைக்கல. அந்த வளைவு வந்தப்போ அவங்க தலையைக்கூடத் திருப்பலையாம்.

"போன தடவை மாதிரி இந்தப் புதுக் கருவியிலயும் ரேடியோ பாட்டு வருமா அண்ணே?"

"நல்ல பாட்டா வந்தா ஆடுங்க டாக்டரம்மா."

நிலையத்துக்குள்ள, பூட்டிக் கிடந்த அறை வாடை, டீசல் புகை. வெளிய ஜெனரேட்டர்... டுக் டுக் டுக். மாமா எர்த் கம்பியை முறுக்கினாரு. ஆளுக்கொன்னா ரெண்டு சானல், ரெண்டோட கேபிளையும் செருகினாரு... க்ளிக், க்ளிக். யார் மேலயும் ஒட்டாம, கம்பி முனைகளை ஒன்னோட ஒன்னு கோத்து வச்சாரு. இப்போ திரையில நேர்கோடுதான் வரணும்.

ரெண்டாவது சானல்ல நேர்கோடு. முதல் சானல்ல... இதயத் துடிப்பு. ரொம்ப மெதுவா.

முனையைக் கழட்டினாரு. துடிச்சுது. கேபிளையே பிடுங்கிக் கையில வச்சுக்கிட்டாரு. அப்பவும் துடிச்சுது.

ஜிபெக் குனிஞ்சு பாத்தாங்க. "அஞ்சாவது துடிப்பு முந்துது பாருங்க. எர்மெக்குக்கு அப்படித்தான்."

அழல. குரல்கூட மாறல. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. "ரெண்டாவதை என் மேல ஒட்டுங்க."

ஒட்டினாரு. நேர்கோடு. பசை தடவி மறுபடி ஒட்டினாரு... நேர்கோடு. தன் மேலயே ஒட்டிப் பாத்தாரு. அவரோட துடிப்பு ஜம்முனு வந்துச்சு. கருவியில குறை இல்ல. திரும்ப அவங்க மேல ஒட்டினா... நேர்கோடு.

கேபிள் பிடுங்கின முதல் சானல்ல மட்டும் இப்போ ரெண்டு துடிப்பு. ஒன்னு மெதுவா... ஒன்னு வேகமா.

"நிறுத்திடுங்க அண்ணே," அப்படின்னாங்க ஜிபெக். "நாளைக்குப் பழைய கருவியை வச்சுச் சமாளிச்சுக்கலாம்."

மாமா சுவிட்சைப் பாதி தள்ளினாரு. திரை மங்குச்சு. ஜிபெக்கோட தலை அப்படியே தொங்கிடுச்சு. அவரு கையை எடுத்தாரு. திரை தெளிஞ்சுது... தலை நிமிந்துது.

"நிறுத்தியாச்சா?"

"ஆச்சு டாக்டரம்மா," அப்படின்னாரு மாமா. திரை மேல ஒரு போர்வையைப் போட்டு மூடினாரு.

இது நடந்து ஆறு வருஷம். அந்த நிலையத்தையும் மூடிட்டாங்க. ஜிபெக் நம்ம மாடி வார்டுலதான் டூட்டி பாக்குறாங்க, உங்களுக்கே தெரியும். சிரிக்கிறதும் இல்ல, கோபப்படுறதும் இல்ல. மாமா மட்டும் வாரா வாரம் ஜீப்புல டீசல் ஏத்திக்கிட்டு மேல போறாரு. அங்க ஜெனரேட்டர் சத்தம் இன்னும் கேக்குதாம்.

இந்த வாரம் சரிவு விழுந்து சாலை மூடிக்கிடக்கு... மாமா கீழதான் இருக்காரு.