ஒரே தோட்டத்துக்கு ரெண்டு மழை

கம்பத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு டீச்சரம்மாவும் அவர் புருஷனும். டீச்சரம்மா மடியில் இங்கிலீஷ் பரீட்சைத் தாள்களை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். புருஷன் திராட்சை வியாபாரியிடம் போனில் பேசியது டிரைவர் வரைக்கும் கேட்டிருக்கும்.

"பழம் கல்லு மாதிரி நிக்குதுண்ணே. ஒரு சொட்டு மழை இல்ல, மெதுவாவே வாங்க."

வைத்த கையோடு இன்னொரு நம்பரைப் போட்டார்.

"பயிர் இன்சூரன்ஸ் சாருங்களா? மழையில திராட்சை பூராம் வெடிச்சுப்போச்சு சார்."

டீச்சரம்மா சிவப்புப் பேனாவை மூடினார்.

"கான்ட்ரடிக்டரிக்கு உதாரணம் கேட்டிருந்தேன். ஒரு பிள்ளைக்கும் எழுதத் தெரியல. உங்களக் கொண்டுபோயி வகுப்புல நிறுத்திருக்கணும்."

"அப்படின்னா?"

"ஒண்ணு நெசம்னா மத்தது நெசமா இருக்க முடியாது. நமக்கு இருக்கது ஒரே தோட்டம்தான?"

"அவுக ரெண்டு பேரும் பேசிக்கவா போறாக? சும்மா இரு."

உத்தமபாளையம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஷட்டரை இறக்கினோம். அவர் போன் அடித்தது. எடுக்கப்போன கையை டீச்சரம்மா பிடித்துக்கொண்டார்.

"யாருன்னு மொதல்ல பாருங்க. அப்பறம் மழை பெய்யுதா இல்லையான்னு முடிவு பண்ணுங்க."