சிவப்புப் பட்டை

ஹலோ… ஹலோ, மாநகராட்சி மரப் பிரிவு கன்ட்ரோல் ரூம், சொல்லுங்க… எந்தத் தெரு? … சத்தமாப் பேசுங்க, இங்க ஜெனரேட்டர் ஓடுது… யாரு? … டேய், நீயா. குரலே தெரியலடா… ஆமா, அக்காதான். செல்லு செத்துக் கெடக்கு, அதான் எடுக்கல… ஆமா, ஆமா, உசுரோடதான் இருக்கேன். புயல் வந்ததுலேர்ந்து இந்த நாற்காலியிலதான் குடித்தனம்… சாப்பிட்டேன்டா… சாப்பிட்டேன்னு சொல்றேன்ல. பிஸ்கட்டும் சாப்பாடுதான்.

வீட்டுல எல்லாரும் எப்படி? … தண்ணி உள்ள வரலையே? … அப்பாடா… கார் மேலயா? எந்த மரம், முனையில போன வருஷம் வெச்சமே, அதுவா? … சரி விடு, கண்ணாடிதானே, உங்க கை காலு நல்லா இருக்கில்ல… இல்லடா, அதை வெட்ட வேண்டாம். சின்ன மரம். வேர் பாதி மண்ணுல இருந்தா நிமித்தி வெச்சு, சுத்தி முட்டுக் குடுத்தாப் பொழைச்சுக்கும். இப்போதைக்கு வேர் மேல ஈரச் சாக்கு போட்டு மூடி வை, வெயில் படக் கூடாது… ஏன், நீ போட்டா கை தேஞ்சா போயிடும்? … சரிதான், அக்கா வேலையை அக்காதான் பார்க்கணும். அக்கா எத்தனை மரத்தைத்தான் தூக்குவா? விடிஞ்சதுலேர்ந்து இந்த போனைக் கீழ வைக்க முடியல. வெட்டுங்கன்னு பாதிப் பேரு, ஏன் முன்னாடியே வெட்டலைன்னு மீதிப் பேரு.

ஆளுங்க வந்துட்டாங்களா? உங்க தெருவுக்கா? … நான் இன்னும் யாரையும் அனுப்பவே இல்லையே… ஓ, வெளியூர் ஆளுங்களா இருக்கும். எங்களுக்கு ஆள் பத்தலைன்னு உதவிக்கு அனுப்பியிருக்காங்க. நல்ல வேலைக்காரங்கன்னு சொன்னாங்க… ம்… ம்… மளமளன்னு முடிக்கறாங்களா, நல்லது… என்ன? … இரு, இரு. நின்னுக்கிட்டு இருக்கறதையுமா? … நல்லா நிக்கற மரத்தை எதுக்குடா வெட்டறாங்க? … பட்டை போட்டதையா? என்ன பட்டை? … சிவப்பா…

இல்ல, இருக்கேன். கேக்குது.

டேய், நான் சொல்றதைக் கேளு. அந்தச் சிவப்புப் பட்டை போட்டது நாங்க. புயலுக்கு முன்னாடி கிளை குறைச்சு, வேரெல்லாம் பார்த்து, இது நிக்கும்னு முடிவு பண்ண மரத்துக்குத்தான் அந்தப் பட்டை. வெட்டக் கூடாதுன்னு அர்த்தம்… ஸ்டோர்ல சிவப்பு பெயிண்ட்தான்டா இருந்துச்சு. வெள்ளை கேட்டோம், வரல. எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும், சிவப்புன்னா கை வைக்காதேன்னு. வந்தவங்க ஊர்ல சிவப்புன்னா வெட்டுன்னு அர்த்தம் போல. அவங்களும் கேக்கல, நாங்களும் சொல்லல… சிரிக்காதடா. எனக்குச் சிரிக்கத் தெம்பு இல்ல.

எத்தனை போச்சு? … தையக்காரர் வீட்டு வாசல்ல இருந்தது… அப்புறம் ஸ்கூல் சுவரோரம்… ஐயோ, அது எவ்வளவு நல்ல மரம்… சரி. சரி. இப்ப எங்க நிக்கறாங்க? … உன் வீட்டு வாசல்லயா. தூங்குமூஞ்சி மரத்துக்கிட்டயா.

கீழ போ. இப்பவே போய் நிறுத்தச் சொல்லு… எங்கிட்ட அவங்க நம்பர் இல்லடா, இருந்தாலும் டவரெல்லாம் விழுந்து கெடக்கு. அந்தத் தெருவுல இப்ப எனக்கு உன் வீட்டு லேண்ட்லைன் ஒண்ணுதான்… செருப்பா? செருப்பு இல்லைன்னா வெறுங்காலோட போ… கண்ணாடித் துண்டு கெடக்கா. அப்ப உன் பொண்டாட்டி செருப்பை மாட்டிக்கிட்டுப் போடா, இந்த நேரத்துல யாரு உன் காலைப் பார்க்கப் போறா…

என்ன யோசிக்கற? …

ம்… ம்… தெரியும். அதை எடுக்கச் சொல்லி நீ எத்தனை தடவை தலையால தண்ணி குடிச்சேன்னு தெரியும். இலை கொட்டுது, சாக்கடை அடைக்குது, கார் மேல காக்கா எச்சம்… ஆமா, மொட்டையாவது அடின்னு சொன்ன, நான்தான் மாட்டேன்னேன். மொட்டை அடிச்சா வெட்டின இடத்துலேர்ந்து குச்சி குச்சியா தழையும், பிடிப்பே இருக்காது, அடுத்த காத்துல அதுதான் மொதல்ல ஒடைஞ்சு உன் ஜன்னல்ல வந்து விழும். அதனாலதான் உள்கிளையை மட்டும் எடுத்து, காத்து நுழைஞ்சு போறதுக்கு வழி விட்டோம். தூங்குமூஞ்சி நிக்காதுன்னு எங்க இன்ஜினியரே சொன்னார். நின்னுச்சுல்ல? … அப்புறம் என்ன? …

குட்டியா? பொண்ணுக்கு என்னாச்சு? … ம்… மேஜைக்கு அடியிலயா… ராத்திரி பூரா கிளை ஜன்னலைச் சொரண்டிக்கிட்டே இருந்துச்சா… இன்னும் அந்த ரூமுக்குப் போக மாட்டேங்கறாளா… பாவம், புள்ள. தூங்குமூஞ்சின்னு பேரை வெச்சுக்கிட்டு ஒருத்தரையும் தூங்க விடல…

இல்லடா, விளையாட்டுக்குச் சொல்லல. எனக்கும் பயம்தான். அன்னிக்கு ராத்திரி நானும் அந்த மரத்தைத்தான் நெனைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். விழுந்தா உன் வீட்டு மேலதான் விழும், என் பேச்சை நம்பி உள்ள படுத்திருக்கீங்களேன்னு. காலையில உங்க பக்கம் போன டிரைவர், நிக்குதுன்னு வந்து சொன்னப்ப அழுதுட்டேன், போ…

ஆனா கேளு. மத்த ரெண்டும் போயிடுச்சு. வரிசையா நின்னாத்தான் ஒண்ணுக்கு ஒண்ணு காத்தைத் தாங்கிக்கும். இதுவும் போச்சுன்னா அடுத்த புயல்ல காத்து நேரா உன் வீட்டுலதான் வந்து மோதும். குட்டி ரூம் சுவர்தான்டா மொதல் சுவர். ஜன்னல் பக்கம் வர்ற அந்த ஒரு கிளையை நானே வந்து எடுத்துடறேன். அவ கண்ணு முன்னாடியே எடுக்கறேன், போதுமா? … போதும்ல? … சரி, போ. ரிசீவரை வைக்காத, அப்படியே மேஜை மேல போட்டுட்டுப் போ. மேஸ்திரியைக் கூட்டிட்டு வந்து பேசச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்.

…

அண்ணே, டிரைவரண்ணே, அந்த ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்க, ஒண்ணும் கேக்கல… வண்டி இருக்கா? … பாலத்துல தண்ணி ஏறிடுச்சா? சரி, விடுங்க… என் தம்பி வீட்டுத் தெருண்ணே. சொல்லியிருக்கேன், போயிருக்கான்…

…

ஆங், சொல்லு… என்ன? … முடிஞ்சு போச்சா. நீ போறதுக்குள்ள வெட்டிட்டாங்களா…

டேய்.

நீ கீழ போகல. போயிருந்தா கதவுச் சத்தம் கேட்டிருக்கும். ரிசீவர் பக்கத்துல நீ மூச்சு விடறது எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சுடா… அறுக்கற மெஷின் சும்மா ஓடற சத்தம் வேற, மரத்துல இறங்கற சத்தம் வேற. என் பொழைப்பே அதுதானே. இப்பத்தான் இறங்குது… இதோ, கேக்குது பாரு…

அழாத… கோவமில்ல. கோவப்படக்கூட முடியல எனக்கு… உன் புள்ள, உன் பயம். நான் என்னத்தைச் சொல்ல…

என்னது, இப்ப போறியா? வேண்டாம். வேண்டாம், நில்லு. சொன்னாக் கேளு. அது கெட்டியில்லாத மரம், இந்நேரம் அடிமரம் பாதி அறுந்திருக்கும். பாதியில நிறுத்தினா எந்தப் பக்கம் சாயும்னு அறுக்கறவனுக்கே தெரியாது. முடிக்கட்டும்… ஆமா, நான்தான் சொல்றேன். வெட்டட்டும்.

ஜன்னலைச் சாத்து. முன் ரூம்ல யாரும் நிக்காதீங்க, எல்லாரும் பின்பக்கம் போங்க. குட்டி எங்க? … தூக்கிக்கோ. காதைப் பொத்திவிடு, பெரிய சத்தமா இருக்கும்… ரிசீவர் கெடக்கட்டும், நீ போ…

…

ம்.

கேட்டுச்சு… எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல? … வீட்டு மேல எதுவும் படலையே? … சரி… குட்டி என்ன சொல்றா? … ரூமுக்குப் போயிட்டாளா… வெளிச்சமா இருக்காமா… ம்… இருக்கும்டா. இனிமே வெளிச்சமாத்தான் இருக்கும்.

வெக்கிறேன். இன்னொரு லைன் அடிக்குது.