மறைத்த இளைப்பு

பேரணாம்பட்டு பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்த தோல் கம்பெனித் தொழிலாளி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த அவர் மனைவி விடவில்லை.

“இளைப்ப கம்பெனி டாக்டராண்ட மறைச்சிட்டு, இப்ப மாத்திரையத் திட்டுறியா?”

“சொன்னா வேலைய வுட்டு அனுப்பிடுவாங்க.”

“நெஞ்சு படபடப்புன்னு மட்டும் சொன்ன. அதுக்குண்டான மாத்திரைய அவரு குட்த்தாரு. இளைப்புக்காரங்களுக்கு அது ஆவாதுன்னு பக்கத்து வூட்டு நர்சம்மா சொல்லிச்சு.”

“மெல்லப் பேசு. பின்னாடி நம்ம கம்பெனி மேஸ்திரி கீறாரு.”

“நல்லா கேக்கட்டும். வேலை போனா நான் பீடி சுத்திக் காப்பாத்துறேன். கண்டக்டரே, நிறுத்துங்க! டாக்டராண்ட திரும்பிப் போறோம்.”

“சரி, நானே சொல்லிக்கிறேன்...” இருமல் வந்தது.

“வேணாம், நான் சொல்றேன். குறுக்கப் பேச உனக்கு மூச்சும் இல்ல.”

பஸ் நின்றது. மேஸ்திரிதான் எழுந்து, அவரைக் கைபிடித்து இறக்கிவிட்டார்.