கண்ணை மூடுகிற வரைக்கும்

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அப்பாவும் அக்காவும் தறிக்குழியைவிட்டு எழுந்து காலை நீட்டி உட்காருகிற நாள் அது ஒன்றுதான் சார்.

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் இரவுக் காவல். தூக்கம் வராமலிருக்க, போனில் பழைய கிரேக்கத்தைப் பற்றிப் படிப்பேன். விடுதலைக்கு அவர்களிடம் பல சொற்கள். எலூதெரியா என்றால் யாருக்கும் அடிமையாக இல்லாதிருப்பது. பர்ரேசியா என்றால் மனதில் இருப்பதையெல்லாம் அஞ்சாமல் சொல்வது. இதையெல்லாம் அக்காவுக்கும் சொல்வேன்.

என்னை உலுக்கிய சொல் பரமோனே. கூடவே இருத்தல். அடிமையை விடுவித்ததாகக் கோயில் சுவரில் கல்வெட்டு வெட்டுவார்கள்: இனி இவள் சுதந்திரமானவள், எங்கும் போகலாம். கீழேயே இன்னொன்றையும் வெட்டுவார்கள்: எஜமான் சாகும்வரை கூடவே இருந்து சொன்னதைச் செய்யவேண்டும்.

அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறேன்.

என் அப்பா கைலாசம் நெய்கிற சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இணைக்கிற கோர்வையை ஒருவரால் போடமுடியாது. கரை நூல் ஓடுகிற நாடாக் கட்டையைத் தள்ள பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். பிளஸ் டூ முடித்த நாளிலிருந்து அந்த ஆள் என் அக்கா புவனேஸ்வரி. பெண் கேட்டு வந்தார்கள். சென்னையில் வேலை வந்தது. ஒவ்வொரு தடவையும் அப்பா ஒன்றையே சொன்னார்.

"உன்ன யாருமா கட்டி வச்சிக்கினு இருக்காங்க? எங்க வேணா போ. நான் கண்ண மூடுற வரைக்கும் இருந்துட்டுப் போ."

"உனக்கு ஆயுசு கெட்டிப்பா. அதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும்," என்று அக்கா சிரிப்பாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கிலி போட்டிருந்தாலாவது அறுத்திருக்கலாம். இந்த மாதிரிப் பாசத்தை எதை வைத்து அறுப்பது? கல்வெட்டிலேயே வழி இருந்தது. எஜமான் சாகவேண்டும், அவ்வளவுதான்.

தாமல் ஏரி நிறைந்திருக்கிறது, பார்க்கலாம் என்று ஓர் அமாவாசையன்று காலையில் அப்பாவை அழைத்துப்போனேன். தறிக்குழியில் தொங்கியே மரத்துப்போன கால்கள். சரிவில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

"தண்ணி ஜில்லுனு இருக்குதுபா," என்றார்.

அவர் தலையைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தேன். அவசரப்படவில்லை. வழுக்கி விழுந்துவிட்டார் என்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா பெட்டியைக் கட்டினாள். நான் காவல் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். தறியில் இன்னும் இரண்டு சேலைக்குப் பாவு நூல் இருந்தது. அது முடிகிற வரைக்கும் இருந்துவிட்டுப் போ என்றேன். உனக்காகத்தான் அவரை முடித்தேன் என்பதையும் சொன்னேன். அவள் நன்றி சொல்லவில்லை.

"டேய் உதயா, நான் உன்னக் கேட்டனா?" என்றாள். "இப்ப நீ சொன்னியே, இருந்துட்டுப் போன்னு. அதுக்குக் கிரேக்கத்துல என்னடா பேரு?"

கதவைப் பூட்டினேன். வேளாவேளைக்குச் சாப்பாடு வைத்தேன். மூன்று நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தெருவுக்கே சொன்னாள். பர்ரேசியா. அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்ததே நான்தான்.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன் சார். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். இன்றிலிருந்து அவளுக்கு முழு விடுதலை, எங்கு வேண்டுமானாலும் போகலாம். நான் வெளியே வருகிற வரைக்கும் வீட்டோடு இருந்தால் போதும்.