பின்னால் நிற்பவர்

— போட்டோவுல பார்த்ததை விட மெஷின் பழசா இருக்கேன்னு யோசிக்கறீங்களாம்மா?

— இல்லண்ணே. போட்டோவுல இருந்த மாதிரியேதான் இருக்கு.

— மரம் அறுக்கற மெஷின் பார்க்க வர்றவங்க முதல்ல கயித்தை இழுத்துப் பார்ப்பாங்க. செயின்ல பல்லு தேஞ்சிருக்கான்னு தடவுவாங்க. நீங்க வந்ததுலேர்ந்து கையைக் கட்டிக்கிட்டு நிக்கறீங்க.

— பார்த்தாச்சு. எடுத்துக்கறேன்.

— இருங்கம்மா… வெங்காயமா வாங்கறீங்க?

— வெங்காயம்னா பொறுக்கித்தான் எடுப்பேன்.

— ஹா… நல்லாச் சொன்னீங்க. எத்தனை மரம் சாய்க்கணும்?

— ஒண்ணுதான். வீட்டுக்குப் பின்னாடி.

— ஒரு மரத்துக்கு யாராச்சும் மெஷினே வாங்குவாங்களா? கூலிக்குச் சொன்னா அவங்களே கொண்டு வருவாங்க.

— கூலிக்குச் சொல்லியாச்சு. மெஷின் நான் தர்றேன்னு பேச்சு.

— விசித்திரமான பேச்சுதான். அப்போ இந்தப் பக்கம் வாங்க. பச்சை மூடி போட்டது. லேசு, ஒரே இழுப்புல கிளம்பும். இதையும் விளம்பரத்துல போட்டிருந்தேனே, பார்க்கலியா?

— எல்லாத்தையும் பார்த்தேன். உங்களோடதை மட்டும் இல்ல. புதுசு மாதிரி ஒண்ணு, பாதி விலைக்கு ஒண்ணு… தினமும் போனை வச்சுக்கிட்டுத் தள்ளிக்கிட்டே இருந்தேன். பிடியில சைக்கிள் டியூப் சுத்தின இது வந்துச்சு. நிறுத்திட்டேன்.

— இது கிழவன்மா. நாலு தடவை இழுத்தாத்தான் இருமவே ஆரம்பிக்கும்.

— விக்கறவர் பேசற பேச்சா இது?

— …அப்புறம் வந்து என் சட்டையைப் புடிக்கக் கூடாதில்ல?

— எதுக்கு விக்கறீங்கண்ணே?

— விறகுக் கடைக்கு எதுக்கு ரெண்டு மெஷின்? சும்மா கிடக்கு.

— சும்மா கிடக்கற மெஷின்ல மரத்தூள் ஈரமா இருக்கே.

— …கூர்மையான கண்ணுதான். நேத்து ஒரு கட்டையை அறுத்துப் பார்த்தேன்.

— லேசானது பக்கத்துலயே இருக்கறப்போ கிழவனை எடுத்தா?

— இன்னும் இருக்கான்னு… இன்னும் ஓடுதான்னு பார்க்கத்தான்.

— எது இன்னும் இருக்கான்னு?

— வாய் தவறி வந்துடுச்சும்மா.

— நீங்க தனியாத்தான் அறுப்பீங்களா?

— கீழ கிடக்கற விறகை அறுக்க ரெண்டாவது ஆள் எதுக்கு? மரம் சாய்க்கறவங்கதான் ஜோடியாப் போவாங்க. அறுக்கறவன் காதை அடைச்சிருப்பான், கண்ணு வெட்டுலயே இருக்கும். கத்தினாக் கேக்காது. அதனால இன்னொருத்தன் பின்னாடி நின்னு மர உச்சியைப் பார்த்துக்கிட்டே இருப்பான்.

— உச்சி அசைஞ்சா?

— தோள்ல தட்டுவான்.

— ஒரு தட்டுன்னா நிறுத்து. ரெண்டு தட்டுன்னா மெஷினைப் போட்டுட்டுப் பின்னாடி வா. இல்லியா?

— …உங்க வீட்டுல யாராச்சும் இந்த வேலையா?

— முதல்ல நீங்க சொல்லுங்க. நான் வாசல்ல நின்னு 'அண்ணே'ன்னேன். நான் உங்களுக்கு நேர் எதிர்ல. நீங்க ஏன் தூக்கிவாரிப் போட்டுப் பின்பக்கம் திரும்பினீங்க?

— எலிம்மா. இங்க எலித் தொல்லை.

— தோள் உயரத்துலயா?

— அந்தக் கட்டை மேல உட்காருங்க.

— நிக்கறேன். சொல்லுங்க.

— சொன்னா வாங்காமப் போயிடுவீங்க. இதுக்கு முன்னாடி வந்தவர்கிட்ட உள்ளதைச் சொன்னேன். சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே வண்டியைக் கிளப்பிக்கிட்டுப் போயிட்டார்.

— எனக்குச் சிரிப்பு வராது.

— ஷெட்டுக்குப் பின்னாடி பட்டுப்போன மரம் ஒண்ணு. நானே சாய்ச்சுடலாம்னு தனியா நின்னேன். பாதி வெட்டுல தோள்ல…

— எந்தத் தோள்?

— இடது.

— ம்…

— கடைக்கு யாரோ வந்திருக்காங்கன்னு நிறுத்திப் பார்த்தா ஆளே இல்ல. திரும்ப ஆரம்பிச்சேன். இந்தத் தடவை ரெண்டு. அப்புறம்…

— அப்புறம்?

— காலரைப் புடிச்சு ஒரே இழுப்பு. மல்லாக்க விழுந்தேன். நான் நின்ன இடத்துல மரம் வந்து படுத்துச்சு.

— காலரைப் புடிச்சா…

— அழறீங்களா?

— இல்ல. உயிரைக் காப்பாத்தின மெஷினை ஏண்ணே விக்கணும்?

— அதோட நின்னிருந்தா பூஜை போட்டு வச்சிருப்பேன். நிக்கலியே! விறகை அறுத்தாத் தட்டுது. அணைச்சு வச்சாலும் தட்டுது. எதுலேர்ந்து தள்ளி வரச் சொல்லுதுன்னே தெரியல. வீட்டுல சாப்பிடறப்போ கூடத் தோளை ஒடுக்கிக்கிட்டு உட்கார்றேன். 'யாருக்கு இடம் விடறீங்க'ன்னு என் பொண்டாட்டி கேலி பண்றா.

— நீங்க யார்கிட்ட வாங்கினீங்க?

— ஒரு மேஸ்திரிகிட்ட. மரம் வெட்டக் காண்ட்ராக்ட் எடுக்கறவர். நல்லா ஓடற மெஷினை ஏன் தள்ளி விடறீங்கன்னேன். கனம் ஜாஸ்தி, தோள் வலிக்குதுன்னார்.

— தோள் வலிக்குதுன்னாரா…

— ஆமா. கண்ணைப் பார்க்காமச் சொன்னார். எனக்கு அப்போ உறைக்கல. பாவம் உங்களுக்கு எதுக்கும்மா இந்த வம்பு? பச்சை மூடியை எடுத்துக்கிட்டுப் போங்க. இதை நான் பாழுங்கிணத்துல போட்டுடறேன்.

— போட்டுடாதீங்கண்ணே! ஒரு சாக்குல சுத்திக் குடுங்க. அந்த டியூபை மட்டும் பிரிச்சு எடுத்துடுங்க.

— அதைப் பார்த்துத்தானே வாங்கவே வந்தீங்க?

— அவரும் பார்த்தா அடையாளம் தெரிஞ்சுடும்.

— எவர்? யாரம்மா நீங்க?

— அந்த மேஸ்திரிக்குப் பின்னாடி நின்னது என் வீட்டுக்காரர்ண்ணே. 'அவன் தட்டவே இல்ல, வாயைப் பார்த்துக்கிட்டு நின்னு அவனே போய் மாட்டிக்கிட்டான்'னு பொணத்துக்குப் பக்கத்துல நின்னு மேஸ்திரி எல்லாருக்கும் சொன்னார். நாளைக்கு எங்க வீட்டு மரத்தை அறுக்க அவர்தான் வர்றார். கூலி கூட வேண்டாம்னுட்டார். 'பின்னாடி நிக்க மட்டும் ஒரு ஆள் வேணுமே'ன்னு கேட்டார்… அதுக்கு ஆள் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன்.