பதினொரு நீர்க்காகம்

ஹலோ... நான்தான் சார். நான் எழுதின அந்தப் பறவைக் கணக்கெடுப்புப் படிவத்தைத் திருப்பிக் குடுங்க...

ஆமா, தெரிஞ்சுதான் கேக்குறேன். கையெழுத்துப் போட்ட பிறகு அதைக் கேக்கவே கூடாதுன்னு சொன்னீங்க. கேக்குறேன்...

காய்ச்சலெல்லாம் இல்ல. காலையில ஆறு மணிக்கு ஏரியில நின்னேன்... யாரும் அனுப்பல, நானாத்தான் போனேன்...

முந்நூத்திப் பன்னண்டு சார். பறவை! படிவத்துல எத்தனை? பதினொண்ணு... ஆமா, ஆமா, எண்ணினது நான்தான். உச்சி வெயில்ல கொண்டுபோய் நிறுத்தினது யாரு? றெக்கைய விரிச்சு வெயில் காஞ்ச பதினொரு நீர்க்காகமும், குடை பிடிச்சுக்கிட்டு நீங்களும்தான் அங்க இருந்தீங்க...

சரி. "காலை ஆறு மணி"ன்னு பொய் எழுதினது என் கைதான். இல்லன்னு சொல்லலையே...

எங்க அப்பாவ எதுக்கு இழுக்குறீங்க?... ஆமா, கைநாட்டுதான். நீட்டின காகிதத்துல எல்லாம் அவரு படிக்கத் தெரியாம வச்சாரு. நான் ஒவ்வொரு வரியா படிச்சுப் பாத்துட்டுப் போட்டேன் சார். இதுல கேடுகெட்டது யாரு?...

ஹலோ?... ம், கேக்குது.

ஏரியில பறவையே இல்லன்னு காட்டித்தானே படகுத்துறை கட்டப் போறீங்க? அதுக்கு ஜல்லி கொட்டக் கொடி நட்டிருக்காங்கல்ல, அங்கதான் ஆட்காட்டிக் குருவி முட்டை வச்சிருக்கு. வெறுந்தரையில, கூழாங்கல்லு மாதிரியே நாலு. தெரியாம கிட்டப் போயிட்டேன். தாய் என் தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துது. கத்தட்டும்னு நின்னேன். என்னைத் திட்ட அது ஒண்ணுதானே இருக்கு...

அழல சார். சொல்லுங்க.

என்னது, வேலைய நிரந்தரம் பண்றீங்களா? ரெண்டு வருசமா வராத ஞாபகம் இப்ப வந்துச்சா?... தெரியும். வீட்ல சம்பாதிக்கிறவ நான் ஒருத்திதான். அதைச் சொல்லிச் சொல்லித்தானே என்னை நானே ஏமாத்திக்கிட்டேன்...

முடிவா தரமாட்டீங்க? சரி, நீங்களே வச்சுக்குங்க. படகுத்துறைக்கு அனுமதி குடுக்குற பத்து மணிக் கூட்டத்துல வாசிங்க. வாசிச்சு முடிச்சதும் நான் எழுந்து, "எழுதினவ நான்தான், அது பொய்"னு சொல்றேன்...

மாட்டிக்குவேன்தான். தனியா இல்ல, உங்களோட.

எங்கிருந்து பேசுறேனா? ஆபீஸ்ல உங்க ரூம்லதான், உங்க மேசை போன்லதான். பைனாகுலர் மேசை மேல இருக்கு. வார் பிஞ்சது என்னால இல்ல, வாங்கினப்பவே பிஞ்சிருந்துச்சு. அடையாள அட்டைக்குக் கீழ ராஜினாமா. நேத்தே எழுதிட்டேன்...

கத்தாதீங்க சார். ஃபேனை நிறுத்திட்டேன், சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுத்துடுறேன். கூட்டத்துக்கு நேரமாச்சு.