பழுப்பு இலை

தசரா நெருங்கிய வாரம். மைசூர் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு ரயில்வேக்காரர்கள். பெரியவர் சொன்னார்:

"சுத்தம் பண்ணியே ஒரு செடியைக் கொல்லப் பாத்தவன் நான்."

"எந்தச் செடி ஸார்?"

"மரத்துமேல ஒட்டி வளருமே, பெரணி. மாதேஸ்வரன் மலையிலேருந்து கொண்டுவந்து எங்க வீட்டு மாமரத்துல கட்டினேன். அடியில பழுப்பு இலை வந்துச்சு. காஞ்சதுன்னு ஞாயித்துக்கிழமை தவறாம கத்தரிச்சேன்."

"ஐயோ, அந்த இலைதானே சருகைப் பிடிச்சுவெச்சு அதுக்குச் சோறு போடுது!"

"எனக்குத் தெரியலையே! வாடினதைப் பக்கத்து வீட்டு மரத்துல வீசினேன். அந்த வீட்டுக்காரரு அதை ஏறெடுத்தும் பாக்கல. ரெண்டு மழைக்காலத்துல தளதளன்னு ஆயிடுச்சு. இப்ப கிளையோட மலர்க் கண்காட்சிக்குப் போகுது. பாக்க அழகா இருக்கணும், பழுப்பு இலையைக் கத்தரிச்சுக் குடுங்கன்னு என்கிட்டயே வர்றாரு."

"என்ன சொன்னீங்க?"

"கத்தரிக்கோலை என் வீட்டுக்காரி ஒளிச்சு வெச்சுட்டான்னு சொன்னேன். நிஜமும் அதுதான்."